எரிமலைய கடைசில வைங்க: மலேசியத் தோட்டத்துப் பிள்ளைங்களுக்கு வானிலை, பூமித்தட்டு, எரிமலை சொல்லிக்குடுக்க ஒரு முழு வழிகாட்டி

மொத நாளே எரிமலை வீடியோவ போட்டுடாதீங்க. நெறைய டீச்சருங்க அப்படித்தான் ஆரம்பிக்கிறாங்க, ஏன்னா பிள்ளைங்க வாயப் பொளந்து பாப்பாங்க, கிளாஸ் அமைதியா இருக்கும், ஆனா அடுத்த வாரம் ப்ளேட் (பூமித்தட்டு) பாடம் வந்தா கொட்டாவி, அதுக்கடுத்த வாரம் வானிலைன்னா பாதிப் பேரு மேசைல தல சாய்ச்சிருப்பாங்க. அதோட இன்னொரு தொல்லை, எரிமலைல ஆரம்பிச்சா "அது இந்தோனேசியா கதை டீச்சர், நம்ம ஊரு சுங்கை சிப்புட்டுக்கும் அதுக்கும் என்ன இருக்கு லா"ன்னு பின் பெஞ்சிலேர்ந்து ஒருத்தன் கேப்பான், அப்ப பதில் சொல்றது கஷ்டம்.

நான் சொல்ற வரிசை தலைகீழு. மழைல ஆரம்பிங்க, அங்கேர்ந்து காத்து, அப்புறம் பூமிக்குள்ள இருக்கிற சூடு, ப்ளேட், நிலநடுக்கம், கடைசிலதான் எரிமலை. இதுக்குள்ள ஒரே ஒரு கயிறுதான் ஓடுது, அதான் சூடு. மேலேர்ந்து வர்ற சூரியன் சூடு காத்தையும் தண்ணியையும் நகத்துது, உள்ளேர்ந்து வர்ற பூமி சூடு பாறைய நகத்துது. இத பிள்ளை பிடிச்சிக்கிட்டா மிச்சமெல்லாம் உதாரணம்தான். வாரத்துக்கு ஒரு ரெட்டைப் பாடவேளை கெடைச்சா எட்டு வாரத்துல தாராளமா முடிக்கலாம், டியூஷன்ல சொல்லிக்குடுக்கிறவங்க நாலஞ்சு வாரத்துல அடக்கிடலாம்.

பரீட்சை மலாய்ல வருது, டிஎல்பி (இருமொழிப் பாடத் திட்டம்) இருக்கிற பள்ளில இங்கிலீஷ், அதனால வெளக்கம் தமிழ்ல இருந்தாலும் குனுங் பெராப்பி (எரிமலை), கெம்பா பூமி (நிலநடுக்கம்), ஆருஸ் பெரோலாக்கான் (சூட்டால வர்ற சுழற்சி ஓட்டம்) எல்லாம் பலகைல பக்கத்துலயே இருக்கட்டும். தமிழ்ப்பள்ளிலேர்ந்து புதுசா வந்த படிவம் 1 (இடைநிலைப்பள்ளி மொத வருஷம்) பிள்ளைங்களுக்கு இது ரொம்ப முக்கியம், விஷயம் தெரிஞ்சும் பதம் தெரியாம மார்க் போயிடுது.

படி 1: மழைய அளக்க வைங்க

ஒன்றரை லிட்டர் பிளாஸ்டிக் போத்தல் ஒண்ணு. கழுத்துக்குக் கீழ, நேரா இருக்கிற எடத்துல வெட்டி, மேல் பாகத்த தலைகீழா புனல் மாதிரி உள்ள வச்சி டேப் ஒட்டணும். போத்தல் அடி வளைஞ்சி நெளிஞ்சி இருக்கும்ல, அங்க அளவு தப்பா வரும், அதனால கொஞ்சம் சின்னக் கல்லு போட்டு, நேர்ப் பாகம் ஆரம்பிக்கிற வரைக்கும் தண்ணி ஊத்தி, அந்த எடத்துல கோடு போட்டு அதத்தான் பூஜ்யம்னு வைக்கணும். அதுக்கு மேல ரூலர் பேப்பர் ஒட்டிடுங்க. மரத்தடில, கூரை ஓரத்துல வைக்கக்கூடாது, பக்கத்துல இருக்கிற மரமோ கட்டடமோ எவ்ளோ உயரமோ அதுல ரெண்டு மடங்காவது தள்ளி வைங்க. தெனமும் காலைல 8 மணிக்கு அளந்து எழுதி, தண்ணிய பழைய பூஜ்யக் கோட்டுக்கே கொண்டாந்து வைக்கணும், வெயில்ல காஞ்சி கோட்டுக்குக் கீழ எறங்கியிருந்தாலும் ஊத்தி நெரப்பணும்.

இந்த வேலைய நம்ம தோட்டங்கள்ல காலங்காலமா செஞ்சிக்கிட்டு வர்றாங்க. தோட்டத்து ஆபீஸ் முன்னாடி மழைமானி இருக்கும், கிராணி (ஆபீஸ் கணக்கர்) தெனம் பாத்து புத்தகத்துல எழுதுவாரு. மேனேஜர்கிட்ட ஒரு கடுதாசி குடுத்து கேட்டா போன வருஷத்து மழைக்கணக்கு கெடைக்கும், அத பிள்ளைங்ககிட்ட குடுத்து மாச வாரியா கிராஃப் போட வைங்க. ஏப்ரல் மே பக்கமும், அக்டோபர் நவம்பர் பக்கமும் கிராஃப் எழும்பும், நடுவுல தணியும். ரெண்டு மேடு ஏன் வருதுன்னு அவங்களே கேக்கணும். நீங்க இப்ப பதில் சொல்லாதீங்க, படி 3 வரைக்கும் காத்திருங்க.

அளவுன்னா என்னன்னு புரிய ஒரு கணக்கு. 1 மில்லிமீட்டர் மழைன்னா ஒரு சதுர மீட்டருக்கு 1 லிட்டர் தண்ணி. ஒரு சாயங்காலம் 40 மில்லிமீட்டர் பெய்யுது, பள்ளி திடல் 100 மீட்டருக்கு 60 மீட்டர்னு வைங்க, 6,000 சதுர மீட்டர், அப்ப 240,000 லிட்டர். அது திடலுக்கு மட்டும். அப்புறம் ஊரு சடக்குல (ரோட்டுல) ஏன் தண்ணி நிக்குதுன்னு யாரும் கேக்க மாட்டாங்க.

வீட்டுப்பாடமா பாட்டி தாத்தாகிட்ட பேசிட்டு வரச் சொல்லுங்க. பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டின காலத்துல மழைன்னா என்ன ஆச்சுன்னு கேக்கணும். பட்டை ஈரமா இருந்தா வெட்ட முடியாது, வெட்டினாலும் பால் கோட்டுல எறங்காம மரத்தச் சுத்தி வழிஞ்சி போயிடும், வெட்டி முடிச்சப்புறம் மழை வந்தா மங்குல இருக்கிற பாலு தண்ணியாயிடும், அன்னைக்குக் கூலி போச்சு. மேகத்தப் பாத்தே இன்னைக்கு வெட்டு இருக்கா இல்லையான்னு சொன்னவங்க நம்ம ஆளுங்க. அந்தப் பேச்ச எழுதிக்கிட்டு வந்து கிளாஸ்ல வாசிச்சா, வானிலைங்கறது டிவில வர்ற படம் இல்ல, வீட்டு சோத்து விஷயம்னு தானா புரியும்.

படி 2: போத்தலுக்குள்ள மேகம்

தெளிவான ஒரு பெரிய போத்தல், அடில ரெண்டு விரல் அளவு வெதுவெதுப்பான தண்ணி (கொதிக்கிற தண்ணி வேணாம், போத்தல் சுருங்கிடும், கையும் சுடும்). மூடி நல்லா குலுக்கிட்டு, கைல அழுத்தி விடுங்க. ஒண்ணும் பெருசா தெரியாது. இப்ப மூடிய தொறந்து ஒரு ஊதுபத்தி புகைய கொஞ்சம் உள்ள விட்டு, மறுபடி மூடி, ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சி அஞ்சு செகண்ட் வச்சிருந்து சட்டுன்னு விடுங்க. உள்ள வெள்ளையா மூட்டம் போடும். மறுபடி அழுத்துனா காணாம போகும், விட்டா வரும். ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரா, பின்னால கருப்பு அட்டை வச்சிப் பிடிச்சா கடைசி பெஞ்சுக்கும் தெரியும்.

இங்க அவசரப்படாதீங்க, இந்த ஒரு சோதனைல மூணு விஷயம் இருக்கு. கைய விட்டதும் காத்து விரியுது, விரியிற காத்து குளிருது, குளிர்ற காத்தால அவ்ளோ ஈரத்த வச்சிருக்க முடியாம துளியா விடுது. துளி உக்கார ஒரு பொடி வேணும், அதுக்குத்தான் புகை. வெளிய நடக்கிறதும் இதேதான், வெயில்ல சூடான காத்து மேல ஏறுது, மேல அழுத்தம் கம்மி, விரியுது, குளிருது, மேகம். மேல போகப் போக சராசரியா ஒரு கிலோமீட்டருக்கு ஆறரை டிகிரி கொறையும், அத வச்சி ஈப்போல 33 டிகிரின்னா ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்துல இருக்கிற கேமரன்மலை தானா ராத்தால எவ்ளோ இருக்கும்னு கேளுங்க, 23, 24ன்னு போட்டுட்டு வருவாங்க, அது நெஜத்துக்குப் பக்கத்துல இருக்கும்.

நம்ம ஊருல ஏன் காலைல சுள்ளுன்னு வெயில், மத்தியானம் மூணு நாலு மணிக்கு இடிமழை? மலாக்கா நீரிணைப் பக்கமிருந்து ஈரக்காத்து வருது, தித்திவங்சா மலை குறுக்க நிக்குது, அடில வெயில் சூடு, எல்லாம் சேர்ந்து தூக்கிடுது. தைப்பிங்ல வருஷத்துக்கு 4,000 மில்லிமீட்டர் பக்கம் மழை கொட்டுறதுக்கும் பின்னால நிக்கிற புக்கிட் லாருட் மலைதான் காரணம், அதே பேராக்ல சித்தியவான் பக்கம் மழை ரொம்ப கொறைவு. ஒரே மாநிலம், மலை நிக்கிற எடம்தான் வித்தியாசம்.

இடின்னதும் ஒரு வேலை கண்டிப்பா சொல்லிக்குடுத்துடுங்க. மின்னல் பாத்ததும் எண்ண ஆரம்பிக்கணும், சத்தம் கேக்கற வரைக்கும் எத்தன செகண்டோ அத மூணால வகுத்தா அத்தன கிலோமீட்டர் தூரம். 30 செகண்டுக்குள்ள சத்தம் வந்துடுச்சுன்னா திடல்ல பந்து ஆடுறத விட்டுட்டு கட்டடத்துக்குள்ள போயிடணும், மரத்தடில ஒதுங்கக்கூடாது. சாயங்காலம் பந்து ஆடுற பசங்களுக்கு மத்த பாடம் மறந்தாலும் இது மறக்கக்கூடாது.

படி 3: பருவக்காத்து

இத சுருக்கமா முடிச்சிடலாம், புத்தகத்துலயே நல்லா இருக்கு. நவம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் வடகிழக்குக் காத்து, கிளந்தான் திரெங்கானு பகாங் பக்கம் வெள்ளம். மே கடைசிலேர்ந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்கு, நமக்கு கொஞ்சம் வறட்சி, ஆனா சில நாள் விடியக்காலைல சுமத்ரா பக்கமிருந்து நீட்டு வரிசையா மேகம் வந்து அடிச்சிட்டுப் போகும், மீனவங்களுக்கு நல்லா தெரியும். ரெண்டு பருவத்துக்கும் நடுவுல காத்து லேசா இருக்கிற மாசங்கள்லதான் மேற்குக் கரைல நம்மளுக்கு இடிமழை ஜாஸ்தி. கிராஃப்ல இருந்த ரெண்டு மேடும் இதான்.

வானிலை இலாகாவோட மைசுவாச்சா ஆப்ல ராடார் படம் பாக்கலாம், அத கிளாஸ்ல தொறந்து வச்சி மழை எந்தப் பக்கம் நகருதுன்னு பந்தயம் கட்ட விடுங்க.

கெட்டிக்காரப் பிள்ளை ஒண்ணு இருந்தா "பிலிப்பைன்ஸ்ல டைஃபூன் வருது, நமக்கு ஏன் வரல"ன்னு கேக்கும். பூமி சுத்துறதால காத்து வளையுது, ஆனா பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல அந்த வளைவு ரொம்ப கம்மி, அதனால காத்து சுழிச்சி கட்டாது. ஆனா 2001 டிசம்பர் 27ல வாமெய்னு ஒரு புயல், ரேகைக்கு வெறும் ஒண்ணரை டிகிரி வடக்கால உருவாகி ஜொகூர்ல கரையேறிச்சு. விதிய சொல்லிட்டு உடனே விதிவிலக்கையும் சொல்லுங்க, பிள்ளைங்களுக்கு அதான் பிடிக்கும்.

படி 4: காலுக்குக் கீழ இருக்கிற சூடு

இப்ப கீழ எறங்கலாம். தம்புன் வெந்நீர் ஊத்துக்கு போகாத பிள்ளை இந்தப் பக்கத்துல கொறைவு. அங்கேர்ந்து ஆரம்பிங்க. "தண்ணி ஏன் சூடா இருக்கு?" கேட்டா எல்லாரும் ஒரே குரல்ல "கீழ எரிமலை இருக்கு"ம்பாங்க. இல்ல. கீழ போகப் போக கிலோமீட்டருக்கு 25லேர்ந்து 30 டிகிரி சூடு ஏறும், மழைத்தண்ணி கருங்கல் பாறை வெடிப்பு வழியா ஆழமா எறங்கி, சூடாகி, வேற வெடிப்பு வழியா மேல வருது. கருங்கல்லுலயே யுரேனியம், தோரியம் மாதிரி கதிரியக்கப் பொருள் துளித்துளி இருக்கு, அதுவும் சூடு குடுக்குது. பூமி உருவானப்ப தங்கின சூடு பாதி, இந்த மாதிரி கதிரியக்கச் சூடு பாதின்னு தோராயமா சொல்லலாம்.

அடுத்தது பாடப்புத்தகப் படத்தால வர்ற ஒரு பெரிய தப்பு. பூமி மேலோட்டுக்கு அடில இருக்கிற மேண்டில்ங்கற அடுக்க செக்கச்செவேல்னு போட்டிருப்பாங்க, அதப் பாத்து பூமிக்குள்ள பூராவும் லாவா தளும்பிக்கிட்டு இருக்கு, அதுல ப்ளேட் மெதக்குதுன்னு நெனச்சிக்கிறாங்க, எஸ்பிஎம் (படிவம் 5 அரசாங்கப் பரீட்சை) எழுதற வரைக்கும் அப்படியே நெனக்கிற பிள்ளைங்க உண்டு. மேண்டில் கெட்டிப் பாறை, 2,900 கிலோமீட்டர் ஆழம் வரைக்கும். ஆனா கெட்டியா இருந்துக்கிட்டே மெதுவா நகரும். சடக்கு போடற தார் கட்டி மாதிரி, சுத்தியால அடிச்சா சில்லு சில்லா ஒடையும், அதையே சாய்ச்சி வச்சி விட்டா நாளாக நாளாக வழியும். இத ஒரு தடவ அழுத்திச் சொல்லிட்டா பின்னால வர்ற பாதி குழப்பம் ஓடிடும்.

சூடு எப்படி நகத்துதுன்னு காட்ட ஒரு நீளமான கண்ணாடி பாத்திரம், மீன் தொட்டி இருந்தா இன்னும் நல்லது. நெறைய தண்ணி ஊத்தி அசையாம விடுங்க. ஒரு மூலைல நீலச் சாயம் போட்டு உறைய வச்ச ஐஸ் கட்டி, இன்னொரு மூலைல அடில சுடுதண்ணி நெரப்பின சின்ன போத்தல், அதுக்கு மேல ரெண்டு சொட்டு சிவப்புச் சாயம். நீலம் அடியோட படுத்துக்கிட்டு நகரும், சிவப்பு மேல எழும்பி பரவும். யாரும் மேசைய ஆட்டக்கூடாது, அதுக்குத்தான் ரெண்டு பேர காவலுக்கு நிறுத்தணும்! இத காட்டும்போது படி 2 மேகத்தையும் ஞாபகப்படுத்துங்க, ஒரே வேலைதான், பொருள்தான் வேற.

ஆனா ஒண்ணு. புத்தகம் சொல்றபடி இந்த சுழற்சிதான் ப்ளேட்ட தள்ளுதுன்னு பரீட்சைல எழுதட்டும், மார்க் வேணும். அதோட இதையும் சொல்லுங்க: கடலடித் தட்டு பழசாகி குளிர்ந்து கனமாகி ஒரு ஓரத்துல மேண்டிலுக்குள்ள முங்குது, முங்கற அந்த ஓரம் தன் கனத்தால பின்னால இருக்கிற தட்டையே இழுத்துக்கிட்டுப் போகுது. இந்த இழுப்புதான் பெரிய பங்குன்னு இப்ப ஆராய்ச்சியாளருங்க பெரும்பாலும் சொல்றாங்க.

படி 5: ப்ளேட்ட நீங்க சொல்லாதீங்க, அவங்க கண்டுபிடிக்கட்டும்

ப்ளேட் மேப்ப காட்டாம வெறும் உலக மேப் ஒண்ணு குடுங்க. யுஎஸ்ஜிஎஸ் (அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிலையம்) வெப்சைட்ல போன மாசத்து நிலநடுக்கம் எல்லாம் இருக்கு, அளவு 5க்கு மேல இருக்கிறத மட்டும் எடுத்து, குழு குழுவா பிரிச்சி, அட்சரேகை தீர்க்கரேகை பாத்து சிவப்புப் புள்ளி வைக்கச் சொல்லுங்க. அரை மணி நேரத்துல புள்ளி எல்லாம் கோடா சேர ஆரம்பிக்கும். சுமத்ரா, ஜாவா, பிலிப்பைன்ஸ், ஜப்பான், அந்தப் பக்கம் சிலி. தீபகற்ப மலேசியா மேல பெரும்பாலும் ஒண்ணும் விழாது. அப்புறம் ப்ளேட் எல்லை மேப்ப தூக்கி பக்கத்துல வைங்க. அந்த நேரத்துல கிளாஸ்ல வர்ற "ஓ..." சத்தத்துக்கு எந்த வீடியோவும் ஈடாகாது.

கதை வேணும்னா வெகனர் கதை சொல்லுங்க. ஆல்ஃபிரட் வெகனர் 1912ல கண்டங்கள் நகருதுன்னு சொன்னாரு, யாரும் நம்பல, ஏன்னா எது நகத்துதுன்னு அவரால சொல்ல முடியல. தொழில் என்ன தெரியுமா? வானிலை ஆராய்ச்சி! 1930ல கிரீன்லாந்துல பனிக்காட்டுலயே செத்துப்போனாரு. 1950கள்ல மேரி தார்ப்னு ஒரு அம்மா கடலடி அளவுகள வச்சி மேப் வரைஞ்சி அட்லாண்டிக் நடுவுல ஒரு நீளப் பிளவு ஓடுறத காட்டினாங்க, மொதல்ல கூட வேலை செஞ்சவரே அத பொம்பளப் பேச்சுன்னு தள்ளினாராம். 60கள்ல எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க.

இங்க ஒரு கேள்வி நிச்சயமா வரும். "டீச்சர், அப்ப குமரிக்கண்டம்?" வாட்சப்ல மேப்போட சுத்துதே. சிரிச்சி ஒதுக்காதீங்க, பிள்ளை ஆசையா கேக்குது, பதில் சொல்லணும். லெமூர்ங்கற மிருகம் மடகாஸ்கர்ல இருக்கு, அதோட சொந்தக்கார மிருகம் இந்தியாவுலயும் இருக்கு, எப்படின்னு வெளக்க 1864ல பிலிப் ஸ்கிளேட்டர்னு ஒரு விலங்கியல்காரர் நடுவுல ஒரு கண்டம் முங்கியிருக்கும்னு ஊகிச்சி லெமூரியான்னு பேரு வச்சாரு. அது பிற்பாடு நம்ம கடல்கோள் கதையோட ஒட்டிக்கிச்சு. ப்ளேட் வந்ததும் அந்த ஊகமே தேவையில்லாம போச்சு, இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டியிருந்து பிரிஞ்சது, இந்தியா வடக்கால போய் ஏறக்குறைய 5 கோடி வருஷத்துக்கு முன்னால ஆசியாவ முட்டி இமயமலை எழும்பிச்சு. இந்தியப் பெருங்கடல் அடில முங்கின பெரிய கண்டம் இல்ல.

ஆனா கடல் நெலத்த முழுங்கினது பொய்யில்ல. 20,000 வருஷத்துக்கு முன்னால பனியுக உச்சத்துல கடல் மட்டம் இப்ப இருக்கிறதவிட 120 மீட்டர் பக்கம் கீழ. அப்ப மலாக்கா நீரிணை காஞ்ச நெலம், இங்கேர்ந்து சுமத்ரா, ஜாவா, போர்னியோ வரைக்கும் நடந்தே போயிருக்கலாம். பனி உருகி கடல் ஏறினப்ப அவ்ளோ நெலமும் போச்சு, தமிழ்நாட்டுக் கரையோரமும் கொஞ்சம் போயிருக்கும். இப்படிச் சொன்னா பிள்ளைங்க மொகம் வாடாது, விஷயமும் சரியா இருக்கும்.

படி 6: செங்கலும் சைக்கிள் டியூபும்

நீளப் பலகை மேல உப்புத்தாள் ஒட்டுங்க. செங்கல்லுக்கு அடிலயும் உப்புத்தாள். செங்கல்ல கயித்தால கட்டி, கயித்து நுனில பழைய சைக்கிள் டியூப் ஒரு துண்டு, அந்த டியூப்ப ஒருத்தர் ஒரே சீரா மெதுவா இழுக்கணும். டியூப் நீளும், நீளும், செங்கல் அசையாது, திடீர்னு குதிக்கும். மறுபடி நிக்கும். ஒவ்வொரு குதிப்பும் எத்தன சென்டிமீட்டர்னு எழுதிக்கிட்டே வாங்க, அடுத்தது எப்பன்னு ஊகிக்கச் சொல்லுங்க. முடியாது. நாளைக்கு ராத்திரி இத்தன மணிக்கு நிலநடுக்கம்னு வர்ற ஃபார்வர்டெல்லாம் புளுகுன்னு அங்கயே சொல்லிடலாம்.

இப்ப 2004 டிசம்பர் 26. சுமத்ராவுக்கு மேற்கால கடலடித் தட்டு வருஷத்துக்கு 5 சென்டிமீட்டர் சொச்சம் நம்ம பக்கத்துக்கு அடில முங்கிக்கிட்டு இருக்கு. ஒரு எடத்துல மாட்டிக்கிச்சு, 200 வருஷம் மாட்டியிருந்தா எவ்ளோ? 10 மீட்டர். அந்த 10 மீட்டர் ஒரே காலைல விட்டா? அன்னைக்கு 1,200 கிலோமீட்டருக்கு மேல நீளத்துக்கு ஒடஞ்சது, அளவு 9.1. லங்காவியே 17 சென்டிமீட்டர் நகந்துச்சுன்னு ஜிபிஎஸ்ல பதிவாயிருக்கு. நம்ம நேரம் காலைல 9 மணிக்கு நடந்தது, பினாங்குக்கும் கெடா கோத்தா கோலா மூடாவுக்கும் அலை வந்தது மத்தியானம். மலேசியால 68 பேர் போயிட்டாங்க.

"அவ்ளோ நேரம் ஏன் ஆச்சு"ன்னு படிவம் 4, 5 பிள்ளைங்கள கேளுங்க. சுனாமி வேகம் ஆழத்தப் பொறுத்தது: 9.8ஐ ஆழத்தால பெருக்கி வர்க்கமூலம் எடுத்தா செகண்டுக்கு எத்தன மீட்டர்னு வரும். 4,000 மீட்டர் ஆழத்துல மணிக்கு 700 கிலோமீட்டர், 50 மீட்டர் ஆழமுள்ள நீரிணைல 80 கிலோமீட்டர்தான். கால்குலேட்டர்ல அவங்களே போட்டுப் பாக்கட்டும். அந்த நேரத்துல எச்சரிக்கை குடுக்க அப்ப ஏற்பாடு இல்ல, அதுக்கப்புறம்தான் நம்ம நாட்டுல சுனாமி எச்சரிக்கை முறை வந்துச்சு.

அளவு பத்தி ஒரு வரி: ஒரு எண் கூடுனா சக்தி 32 மடங்கு. 2015 ஜூன் 5ல சபா ரானாவ்ல வந்தது 6 பக்கம், கினபாலு மலைல 18 பேர் இறந்தாங்க. அதவிட 9 அளவு மூணு படி மேல, 32ஐ மூணு தடவ பெருக்கினா ஏறக்குறைய 33,000 மடங்கு.

ஜொகூர் சிகாமட்ட கேப்பாங்க, 2025 ஆகஸ்ட் 24 காலைல 4.1 அளவுல வந்துச்சே, அது ப்ளேட் எல்லை இல்லையேன்னு. சரியான கேள்வி. தட்டோட ஓரத்துல விழற அழுத்தம் நடுவுக்கும் போகும், அங்க கோடிக்கணக்கான வருஷத்துப் பழைய வெடிப்பு இருந்தா லேசா வழுக்கும். புள்ளி மேப்ல நம்ம பக்கம் "பெரும்பாலும்" ஒண்ணும் விழாதுன்னு சொன்னது இதுக்குத்தான்.

படி 7: இப்ப எரிமலை

வினிகரும் சோடா மாவும் வச்சி செய்ற எரிமலைய தயவுசெஞ்சி விட்டுடுங்க. அது ஆசிட் பாடத்துக்கு சரி, எரிமலை அப்படி வெடிக்கிறது இல்ல. அதுக்குப் பதிலா திடலுக்கு ரெண்டு சோடா போத்தல் எடுத்துட்டுப் போங்க. ஒண்ண அசைக்காம மெதுவா தொறங்க, இன்னொண்ண குலுக்கி (மொகத்துக்கு நேரா பிடிக்காம) தொறங்க. பாறைக்குழம்புலயும் தண்ணியாவி, வாயு எல்லாம் அழுத்தத்துல கரைஞ்சி கெடக்கு, மேல வர வர அழுத்தம் கொறையுது, குமிழி போடுது. குழம்பு இளக்கமா இருந்தா ஹவாய் மாதிரி வழிஞ்சி ஓடும், சிலிக்கா ஜாஸ்தியாகி கெட்டியா இருந்தா வாயு வெளியேற முடியாம சுமத்ரா, ஜாவா மாதிரி வெடிக்கும்.

பாறை ஏன் உருகுது? "சூட்டால"ன்னு சொல்லுவாங்க, அது பாதிதான். முங்குற தட்டு குளிர்ந்தது. ஆனா கடல்ல ஊறினது, அதோட கனிமத்துக்குள்ள தண்ணி இருக்கு. ஏறக்குறைய 100 கிலோமீட்டர் ஆழம் போனதும் அந்தத் தண்ணி பிழிஞ்சி வெளிய வந்து மேல இருக்கிற சூடான மேண்டில் பாறையோட சேருது, தண்ணி சேர்ந்த பாறை கம்மியான சூட்டுலயே உருகும். இத சொல்லிட்டு மேப்ல இந்தோனேசிய எரிமலைங்க சினாபோங், தோபா, மாராப்பி, 3,805 மீட்டர் உயர கெரிஞ்சி, கிராகதாவ் எல்லாத்துக்கும் முக்கோணம் போடச் சொல்லுங்க. கடல் பள்ளத்துக்கு இணையா ஒரே வரிசைல நிக்கும். தட்டு சரியான ஆழத்துக்கு வர்ற எடத்துக்கு மேல அந்த வரிசை. நம்ம ஊரு அதுக்கும் ரொம்பப் பின்னால. "சுங்கை சிப்புட்ல ஏன் எரிமலை இல்ல"ங்கறதுக்கு இப்ப பின் பெஞ்சுப் பையனே பதில் சொல்லுவான்.

ஆனா நம்ம காலுக்குக் கீழயும் பழைய கதை இருக்கு. 20 கோடி வருஷத்துக்கு மேல ஆச்சு, ரெண்டு நெலத்துண்டு மோதி நடுவுல இருந்த கடல் மூடிக்கிச்சு, அந்தத் தையல் பகாங்ல பெந்தோங்லேர்ந்து ரவுப் வழியா ஓடுது. அப்ப எழும்புன குழம்பு வெளிய வராம அடிலயே ஆறிப்போனதுதான் தித்திவங்சா கருங்கல், கிந்தா பள்ளத்தாக்கு ஈயமும் அதோட வந்தது. குவாரி ஓரத்துலேர்ந்து ஒரு கருங்கல் துண்டு கொண்டாந்து ஆளாளுக்கு கைல குடுங்க. கண்ணாடி மாதிரி இருக்கிறது குவார்ட்ஸ், வெள்ளையா இல்ல லேசா ரோசா நெறத்துல கட்டையா இருக்கிறது ஃபெல்ஸ்பார், நகத்தால பேர்த்தா தகடா வர்ற கருப்பு மைக்கா. மணி பெருசா இருந்தா மெதுவா ஆறிச்சுன்னு அர்த்தம். குவாந்தான் பக்கம் போறவங்க கடலோரத்து கருப்புக் கல்லு ஒண்ணு கொண்டாந்தா அது எரிமலைக் கல்லு, மணியே தெரியாது, வெளிய வந்து சீக்கிரம் ஆறினது. வீடியோ காட்டணும்னா இப்ப காட்டுங்க.

படி 8: எரிமலைலேர்ந்து மறுபடி வானிலைக்கு

1982 ஜூன் 24 ராத்திரி, கோலாலம்பூர் சுபாங்லேர்ந்து ஆஸ்திரேலியா பெர்த்துக்கு கெளம்புன ஒரு ஜம்போ விமானம் ஜாவா பக்கம் பறக்கும்போது நாலு எஞ்சினும் நின்னுபோச்சு. கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள்ள போயிடுச்சு. ராடார்ல தெரியாது, ஏன்னா வானிலை ராடார் மழைத்துளியத்தான் பாக்கும், சாம்பல் காஞ்ச பொடி. கீழ எறங்கி சுத்தமான காத்துக்கு வந்ததும் எஞ்சின் ஓடுச்சு, ஜகார்த்தால எறங்கிட்டாங்க, யாருக்கும் உயிர்ச்சேதம் இல்ல. இந்தச் சாம்பல் வெறகுச் சாம்பல் இல்ல, பொடிஞ்ச கண்ணாடியும் பாறையும், எஞ்சின் சூட்டுல உருகி உள்ள ஒட்டிக்கும்.

அப்புறம் குளிர்ச்சி. 1991 ஜூன் 15ல பிலிப்பைன்ஸ் பினாதுபோ வெடிச்சி 1.5 கோடி டன்னுக்கு மேல கந்தக வாயு வான்மண்டலத்தோட மேலடுக்குக்குப் போய், வெயில தடுத்து, உலக சராசரி வெப்பம் அரை டிகிரி பக்கம் கொறைஞ்சது. 1815ல இந்தோனேசியாவோட தம்போரா வெடிச்சது, அடுத்த வருஷம் ஐரோப்பால கோடைகாலமே வரல, பயிர் போச்சு. 1883 கிராகதாவ் சத்தம் 4,800 கிலோமீட்டர் தாண்டி இந்தியப் பெருங்கடல்ல இருக்கிற ரொட்ரிகஸ் தீவுல கேட்டுச்சு, காத்தழுத்த அலை உலகத்தச் சுத்தி வந்தது அப்ப இருந்த பாரோமீட்டர்ல எல்லாம் பதிவாச்சு. வானிலைக் கருவி எரிமலைய பிடிச்சது!

எல்லாத்துக்கும் பெருசு தோபா, 74,000 வருஷத்துக்கு முன்னால. இப்ப சுற்றுலா போற ஏரி அதோட குழி, 100 கிலோமீட்டர் நீளம். அதோட சாம்பல் ஆந்திரால ஜ்வாலாபுரத்துல கெடைச்சிருக்கு, நம்ம பேராக் லெங்கோங்லயும் கெடைச்சிருக்கு, கோத்தா தம்பான்ல பழங்காலக் கல் ஆயுதங்களோட சேர்ந்து. கோலகங்சார் தாண்டினா லெங்கோங், பஸ் எடுத்தா காலைல போய் சாயங்காலம் திரும்பிடலாம். பிப்ரவரி மாதிரி மழை கம்மியான மாசமா பாத்து வைங்க (உங்க மழைக் கிராஃப்பே சொல்லும்), முன்கூட்டியே மாவட்ட கல்வி இலாகா அனுமதி, பெத்தவங்க கையெழுத்து, தொப்பி, தண்ணி, வழில பசியாற ஒரு எடம். சாம்பல் தெரியுற எடத்துல பிள்ளைங்கள தோண்டவோ எடுக்கவோ விடக்கூடாது, 2012லேர்ந்து அது யுனெஸ்கோ பாரம்பரிய எடம்.

மதிப்பீடு

புறவய கேள்வி மட்டும் குடுத்து முடிச்சிடாதீங்க. ஒரு வெறும் மேப், அதுல கற்பனையா ஒரு தீவு, ஒரு கடல் பள்ளம், ஒரு மலைத்தொடர், காத்து வர்ற திசை. எரிமலை எங்க வரும், எந்தப் பக்கம் மழை அதிகம், வெடிச்சா சாம்பல் எந்தப் பக்கம் போகும், சுனாமிக்கு எந்த ஊரு மொதல்ல ஓடணும், காரணத்தோட எழுதச் சொல்லுங்க. படிவம் 1க்கு ரெண்டு கேள்வி போதும். மார்க் போடும்போது இடம் தப்பா இருந்தாலும் காரணம் சரியா இருந்தா பாதிக்கு மேல குடுங்க, இடம் சரியா இருந்து "எரிமலை அங்கதான் இருக்கும்"னு மட்டும் எழுதியிருந்தா ஒரு மார்க்குக்கு மேல வேணாம். ப்ளேட் முங்குற குறுக்குவெட்டுப் படத்துக்கு அம்புக்குறி கட்டாயம், மேண்டிலுக்கு சிவப்புப் பென்சில் எடுக்கிற பிள்ளைய மட்டும் கூப்பிட்டு வச்சி, தார் கட்டி கதைய இன்னொரு தடவ சொல்லிட்டு அனுப்புங்க.